‘ராஜினாமா’ என்று எழுதிவிட்ட பிறகு

தில்லி மின் விநியோகத் துறையில் பியூனாக இருந்த ஒருவர் 1990 ஜூலை 7 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்தார். ஜூலை 10 முதல் அதை ஏற்றுக்கொள்வதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. மூன்று நாளில் வேலை முடிந்தது. ஆனால் அவருக்கு ஓய்வூதியம் உண்டா என்ற கேள்வி முடிய ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆயின. 2019 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ‘கிடையாது’ என்றது.

வேலையைச் சீக்கிரமே விட்டுவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களுக்கு முதலில் நான் சொல்வது இந்த வழக்கைத்தான். சங்க அலுவலகத்தில் மனு, மேல்முறையீடு, விளக்கக் கடிதம் என்று எழுதிக் கொடுத்தே காலம் போனவன் நான். ஐம்பதை நெருங்கியவர்கள் கையில் ஓர் எக்செல் தாளோடு வருவார்கள். ஓய்வூதியம் இவ்வளவு, வைப்புநிதி வட்டி இவ்வளவு, மகள் கல்யாணத்துக்கு இவ்வளவு, அடுத்த இருபது வருட விலைவாசிக்கு இவ்வளவு என்று அழகாகப் போட்டிருப்பார்கள். கூடவே நான்கு வரியில் ஒரு கடிதம். தாளுக்கு ஆறு மாத உழைப்பு போயிருக்கும், கடிதத்துக்கு ஆறு நிமிடம் போயிருக்கும். கடிதத்தில் ஒரு சொல் பிசகினால் தாளின் முதல் வரியே அழிந்துவிடும் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்தத் தில்லி பியூனின் பணிக்காலத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1968 ஜூலை 9 அன்று நாள்கூலி மஸ்தூராகச் சேர்ந்தார். 1971 டிசம்பர் 22 அன்று பியூன் பதவியில் நிரந்தரமானார். கடிதம் கொடுத்தபோது, வேலைக்குள் காலடி வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 22 ஆண்டுக்கு இரண்டே நாள் குறைவு. நிரந்தரமான நாளிலிருந்து கணக்கிட்டால் 18 ஆண்டு, ஆறு மாதம், சொச்ச நாள்.

பின்னர் ஓய்வூதியம் கேட்டபோது நிர்வாகம் இரண்டு காரணம் சொல்லி மறுத்தது. ஒன்று, 20 ஆண்டுப் பணி முடியவில்லை. இரண்டு, முடிந்திருந்தாலும் பயனில்லை, ராஜினாமா செய்தவர் அதுவரை செய்த பணியை இழந்தவர் ஆகிறார்.

முதல் காரணம் வெறும் கணக்கு. நிரந்தரப் பணியை மட்டும் எண்ணினால் 20 ஆண்டு முடிய இன்னும் ஓர் ஆண்டும் ஐந்து மாதமும் ஆகியிருக்கும். நாள்கூலிக் காலத்தில் பாதியைச் சேர்த்தாலோ 20ஐத் தாண்டிவிடும். (அரசு ஓய்வூதிய விதிகளில், முழுநேரத் தற்செயல் பணியாளராக இருந்து பின்னர் நிரந்தரமானவருக்கு அந்தப் பழைய காலத்தில் பாதியை எண்ணும் ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டு விதிகளிலும் உண்டு. அவருடைய வேலைக்கு அது பொருந்துமா என்பது தனி விவகாரம். எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்டத்தான் சொல்கிறேன்.) இரண்டாவது காரணம்தான் வழக்கின் உயிர்நாடி.

மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் இரண்டு விதிகள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தன. விதி 26, பணியிலிருந்து ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் பறிபோகும் என்றது. முறையான அனுமதியோடு இன்னோர் அரசு வேலைக்குப் போவதற்காகச் செய்யும் ராஜினாமாவுக்கு மட்டும் விலக்கு. விதி 48-ஏ, 20 ஆண்டு தகுதிப் பணிக்காலம் (ஓய்வூதியத்துக்கு எண்ணப்படும் பணிக்காலம்) முடித்தவர் மூன்று மாதத்துக்குக் குறையாமல் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் போகலாம் என்றது. அப்படிப் போனால் ஓய்வூதியம் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே நடக்கும் செயல் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு கதவு வழியாகப் போனால் மாதாமாதம் பணம் வரும், இன்னொரு கதவு வழியாகப் போனால் வராது.

தில்லி உயர் நீதிமன்றம் பியூனின் பக்கம் நின்றது. அவர் எழுதிய சொல் எதுவாக இருந்தாலும் அவர் செய்தது விருப்ப ஓய்வுதான் என்று பார்த்தது. அதற்கு அது சாய்ந்துகொண்ட தூண், 2015இல் உச்ச நீதிமன்றமே எல்.ஐ.சி. ஊழியர் ஒருவருக்குச் சாதகமாகக் கொடுத்த தீர்ப்பு. அவர் 23 ஆண்டு வேலை செய்துவிட்டு 1991இல் ராஜினாமா செய்தவர். அப்போது எல்.ஐ.சி.யில் ஓய்வூதியத் திட்டமே கிடையாது, 1995இல்தான் வந்தது. விருப்ப ஓய்வு என்ற ஏற்பாடே இல்லாத காலத்தில் ஒருவர் வேறு எந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்க முடியும்? அந்த நியாயத்தில் அவருடைய ராஜினாமாவை விருப்ப ஓய்வாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

2019 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இன்னோர் எல்.ஐ.சி. வழக்கில், அந்தப் பார்வையை ஏற்கவில்லை. ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு, பின்னால் வந்த விதியை வைத்து ராஜினாமாவை விருப்ப ஓய்வாக மாற்ற முடியாது என்றது. டிசம்பரில் பியூனின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தபோது, உயர் நீதிமன்றம் சாய்ந்திருந்த தூண் அங்கே இல்லை.

தூண் இருந்திருந்தாலும் அவர் தப்பியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். எல்.ஐ.சி. ஊழியருக்கு 1991இல் வேறு கதவு இல்லை. பியூனுக்கு 1990இல் இருந்தது. விதி 48-ஏ அப்போதே நடைமுறையில் இருந்தது. அந்தக் கதவு திறந்திருக்க, அதற்குரிய மூன்று மாத நோட்டீஸும் கொடுக்காமல், மற்றக் கதவு வழியாகப் போனவரை ‘இந்த வழியாகத்தான் போனார்’ என்று நீதிமன்றம் எப்படி எழுதும்? நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், ரிஷிகேஷ் ராய் அமர்வு சொன்னதன் சாரம் இது: ராஜினாமாவை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், விருப்ப ஓய்வுக்கு விதி வகுத்த பணிக்காலம் முடிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கினால் விதி 26க்கு வேலையே இல்லாமல் போய்விடும். 20 ஆண்டு முடித்தாரா என்ற சர்ச்சைகூட இங்கே பொருட்டல்ல. முடித்திருந்தாலும் ராஜினாமா அதை அழித்துவிட்டது.

சட்டம் அப்படித்தான். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. மஸ்தூராகச் சேர்ந்து பியூனானவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். இப்படி ஒரு கடிதம் மேசைக்கு வந்தால் ‘ஐயா, ராஜினாமாவா, விருப்ப ஓய்வா, எதைக் கேட்கிறீர்கள்? முதலாவதில் ஓய்வூதியம் போய்விடும்’ என்று ஒருமுறை கேட்டு எழுதி வாங்குவது நிர்வாகப் பிரிவின் கடமையாகவே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எந்த விதியும் அதைக் கட்டாயமாக்கவில்லை. அதனால்தான் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 1990இல் அந்த மின் விநியோகம் ‘டெசு’ என்ற மாநகர அமைப்பின் கையில் இருந்தது. 1997இல் அது தில்லி வித்யுத் வாரியம் ஆனது. 2002இல் வாரியம் உடைக்கப்பட்டு விநியோகம் தனியாரிடம் போனது. உச்ச நீதிமன்றத்தில் பியூனை எதிர்த்து நின்றது பி.எஸ்.இ.எஸ். யமுனா பவர். அவர் கடிதம் கொடுத்த காலத்தில் அப்படி ஒரு நிறுவனமே இல்லை! கடிதத்தை வாங்கிய அதிகாரி, அவருக்கு மேலிருந்தவர், அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகை எல்லாமே மாறிப்போகும். ‘அந்த மேனேஜர் வாயால சொன்னாரே’ என்பதெல்லாம் பத்து ஆண்டு கழித்து யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? மிஞ்சுவது காகிதம்தான்.

ராஜினாமா என்ற சொல் எங்கே இருந்தாலும் நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவன ஊழியர் ஒருவர் வென்றார். 20 ஆண்டுக்கு மேல் வேலை செய்துவிட்டு 1991 செப்டம்பரில் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறியவர். அவர் எழுதியதும் ராஜினாமாதான். ஆனால் அந்த நிறுவனத்தின் அன்றைய விதி ராஜினாமாவையும் விருப்ப ஓய்வையும் பிரித்துச் சொல்லவே இல்லை. பணிக்காலமும் நோட்டீஸும் சரியாக இருந்ததால் விருப்ப ஓய்வு என்றே நீதிமன்றம் கொண்டது. 2004இல் யூகோ வங்கி ஊழியர் ஒருவர் தோற்றார். 1959இல் சேர்ந்து 1988இல் ராஜினாமா செய்தவர், 28 ஆண்டுக்கும் மேல் உழைத்தவர். அவர் கொடுத்தது ஒரு மாத நோட்டீஸ். வங்கிகளின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறை, ராஜினாமா செய்தவருக்கு முந்தைய பணி போகும் என்று தெளிவாகவே சொன்னது.

இந்த நான்கு பேரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். 20 ஆண்டு, 22 ஆண்டு, 23 ஆண்டு, 28 ஆண்டு. அதிக ஆண்டு உழைத்தவர் வென்றார் என்றோ, ஏழை வென்றார் என்றோ எந்த ஒழுங்கும் தெரியவில்லை. வெளியேறிய நாளில் எந்த விதிப் புத்தகம் நடப்பில் இருந்தது, நோட்டீஸ் எத்தனை நாள், கடிதத்தில் என்ன சொல், இந்த மூன்றும்தான் முடிவு செய்திருக்கின்றன.

நோட்டீஸ் காலம் என்றாலே பலருக்கும் எரிச்சல். முடிவெடுத்த பிறகும் மூன்று மாதம் அதே நாற்காலியில் உட்கார வேண்டுமே என்று. எனக்கு அதில் வேறொரு பயன் தெரிகிறது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் புகைப்படப் பிரிவில் கணக்காளராக இருந்த ஒருவர் 1980 டிசம்பர் 24 அன்று விருப்ப ஓய்வுக்கு நோட்டீஸ் கொடுத்தார். 1981 மார்ச் 31 முதல் நடப்புக்கு வர வேண்டும். ஜனவரி 20 அன்று அனுமதி ஆணையும் வந்துவிட்டது. அப்புறம் சக ஊழியர்கள் விடாமல் கெஞ்சியதில் மனம் மாறி, ஜனவரி 31 அன்று நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். அரசு மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஓய்வு நடப்புக்கு வரும் தேதிக்குள் மனம் மாறினால், தக்க காரணம் இல்லாமல் நிர்வாகம் மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மூன்று மாதம் என்பது அவருக்கு மனம் மாறுவதற்கான இடமாக இருந்தது. தில்லி பியூனுக்கு அந்த இடம் மூன்று நாள்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி ராஜினாமா முந்தைய பணியைப் பறிக்கும். விருப்ப ஓய்வு அடிப்படை விதி 56(3)இன் கீழ் மூன்று மாத நோட்டீஸோடு வரும். இதெல்லாம் பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர்களுக்கு. மத்திய அரசில் அந்தக் கோடு 2004 ஜனவரி 1. அதற்குப் பின் சேர்ந்து, 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறிக்கொண்டவர் 25 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வில் போகலாம். ஆனால் வழக்கமாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய தேதி வரும்வரை ஓய்வூதியம் தொடங்காது. ஐம்பதில் வெளியே வந்துவிட்டு அறுபது வரை எதை வைத்துச் சாப்பிடுவது என்பது எக்செல் தாளில் தனி வரியாக இருக்க வேண்டும்.

தனியார் கம்பெனியில் ‘பேப்பர் போட்டாச்சு’ என்று சொல்பவர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். பணிக்கொடைச் சட்டம் 1972, ஐந்து ஆண்டு தொடர்பணி முடித்தவர் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 52,000 என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க 30,000. இருபத்து நான்கு ஆண்டுப் பணிக்கு 7,20,000. கடிதத்தில் எந்தச் சொல் இருந்தாலும் இந்தத் தொகை மாறாது. சேர்ந்திருக்கும் விடுப்பைப் பணமாக்கும்போது கிடைக்கும் வருமான வரி விலக்கும் அப்படித்தான், 2023 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 25 லட்சம். வைப்புநிதியோடு ஒட்டிய ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு முடித்திருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 50க்குப் பிறகு முன்னதாகவும் கேட்கலாம், முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். ஆனால் கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000, 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்கு 6,500. முழுச் சம்பளத்தின் மேல் கணக்கிடும் உயர் ஓய்வூதியத்தைத் தெரிவு செய்தவர்களைத் தவிர மற்றவர்கள் சில ஆயிரங்களுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அங்கே அடி விழுவது வேறு இடத்தில். பல கம்பெனிகளில் கடைசி வேலை நாளன்றே குழு மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். தனிப்பட்ட பாலிசியை நோட்டீஸ் கொடுத்த பிறகு தேடினால், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியை, வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

‘ராஜினாமா’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். ராஸி என்றால் சம்மதம், நாமா என்றால் பத்திரம். ஆதியில் அது சம்மதப் பத்திரம், சமரசப் பத்திரம். சண்டை தீர்ந்தது, நான் சம்மதிக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. தில்லி பியூனின் வழக்கைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமலே சம்மதித்திருக்கிறார் மனிதர்.

அண்மையில் ஒருவர் வந்திருந்தார். மாநில அரசு ஊழியர், வயது 47, 2003 பிப்ரவரியில் சேர்ந்தவர். பழைய ஓய்வூதியத்தில் ஏறக்குறைய கடைசிப் படகைப் பிடித்தவர். “சார், இருபது வருசம் எப்பவோ முடிஞ்சிடுச்சு, ஊர்ல அப்பாவுக்கு முடியல, வயலப் பாக்கணும், லெட்டரைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க” என்றார். கடிதத்தின் முதல் வரியிலேயே ராஜினாமா. அதை அடித்துவிட்டு ‘விருப்ப ஓய்வில் செல்ல அனுமதி கோரி மூன்று மாத முன்னறிவிப்பு’ என்று எழுதினேன், அடிப்படை விதியின் எண்ணையும் சேர்த்தேன். அத்தோடு அனுப்பியிருப்பேன். பழக்க தோஷத்தில், பணிப்பதிவேட்டின் நகலைக் கொண்டுவரச் சொன்னேன்.

நடுவில் மூன்று ஆண்டு சம்பளமில்லா விடுப்பில் துபாய்க்குப் போயிருக்கிறார். மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பு தகுதிப் பணிக்காலத்தில் சேராது. கழித்துப் பார்த்தோம். இருபதுக்கு இன்னும் ஏழு மாதம் குறைந்தது. ஐம்பது வயதும் ஆகவில்லை, ஆகியிருந்தால் அந்த விதியில் அப்படியாவது போயிருக்கலாம்.

“ஏழு மாசம்தானே தம்பி” என்றேன். கொஞ்ச நேரம் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நெல் அறுவடைக்கு மட்டும் ஈட்டிய விடுப்பு போட முடியுமா என்று கேட்டார். போடலாம் என்றேன். திருத்திய கடிதத்தை என்னிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்டிருக்கிறார், தேதி இன்னும் போடவில்லை.